ஓடிய பவனி

கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில், கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் சிலுவைமுத்து என்றொரு உபதேசியார் இருந்தார். பங்குச் சாமி ரெமிஜியூசுக்கு அவர் மகன் வயதுதான். ஆனாலும் அவரையே சிலுவைமுத்து தம் குருவாக வரித்துக்கொண்டார். பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாத மனிதர். சிரிப்பு மட்டும் அவர் முகத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

நற்கருணைப் பவனியன்று அவர் சிவந்த கண்களோடு வந்து நின்றார். சூறைக்காற்றில் சிக்கிய மீன்பிடி வள்ளங்களில் ஒன்று இன்னும் கரை சேரவில்லை. அதில் அவருடைய ஒரே மகன் கிளைட்டன் இருந்தான்.

"சாமி, ஒரு நேர்ச்சை வச்சிருக்கேன். இன்னைக்கு ஆண்டவருக்கு நான்தான் குடை பிடிப்பேன். பவனி திரும்பக் கோயிலுக்கு வர்ற வரைக்கும் கையை எடுக்க மாட்டேன். அங்க இங்க திரும்ப மாட்டேன். என் பையன் வந்திரணும். ஆண்டவர் ஏத்துக்கிடுவாரா?"

சாமி மூலையில் இருந்த பட்டுக்குடையைக் காட்டினார்.

"குடையை எடுங்க உபதேசியாரே. நேரமாச்சு."

மாலை வெயிலில் பவனி புறப்பட்டது. ஆண்டவரே அப்ப வடிவில் இருக்கும் நற்கருணையை வைத்த கதிர்ப்பாத்திரத்தைச் சாமி இரு கைகளாலும் ஏந்தி நடந்தார். பட்டுக்குடையை உயர்த்திப் பிடித்தபடி சிலுவைமுத்து கூடவே நடந்தார். பார்வை நேரே இருந்தது, உதடு மட்டும் ஜெபித்தது.

பாதித் தெரு தாண்டியிருப்பார்கள். கடற்கரையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"வள்ளம் தெரியுது! கிளைட்டன் வள்ளம்!"

அவ்வளவுதான். பாடியவர்கள் பாட்டைப் பாதியில் விட்டார்கள். பூத்தூவிய பிள்ளைகள் கூடையோடு ஓடினார்கள். மாதா சபைப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களை முந்தினார்கள். மேளக்காரர் மேளத்தைக் கழற்ற மறந்து, அது வயிற்றில் இடிக்க இடிக்க ஓடினார்.

தெருவில் சாமியும் சிலுவைமுத்துவும் மட்டுமே மிஞ்சினார்கள். சிலுவைமுத்து திரும்பவில்லை. கண்ணீர் தாடையில் வழிந்தது.

"நடங்க சாமி. நான் கையை எடுத்தா என் பிள்ளை போயிருவான். நடங்க."

சாமி நடக்கவில்லை. கதிர்ப்பாத்திரத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். கடற்கரைச் சந்துப் பக்கம் திரும்பி ஒரே ஓட்டமாக ஓடினார்.

"சாமி! சாமி! அது பவனி போற பாதை இல்ல!"

குடை ஆண்டவருக்கு மேல் இருந்தாக வேண்டும். ஆண்டவரோ ஓடுகிறார். சிலுவைமுத்து வேறென்ன செய்வார்? குடையைத் தூக்கிக்கொண்டு அவரும் ஓடினார். தோரணக் கயிறு குடையில் மாட்டி அறுந்தது. ஒரு செருப்பு சந்திலேயே தங்கிவிட்டது. அவர் நிற்கவில்லை.

கடற்கரையில் ஊரே ஆர்ப்பரித்தது. எஞ்சின் பழுதான வள்ளத்தை இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது. வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நின்று கையை வீசி வீசிக் கத்தினான் கிளைட்டன்.

"எப்பா! எப்பா!"

அடுத்த நொடி குடை மணலில் கிடந்தது. சிலுவைமுத்து நெஞ்சளவு தண்ணீரில் நின்றார். குதித்து வந்த மகனைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு சிரித்தார். அப்படியொரு சிரிப்பு! அவருக்கு அத்தனை பல் இருப்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மகனின் தோளைப் பிடித்தபடி கரையேறியவர், கிடந்த குடையைக் கண்டதும் வெலவெலத்துப்போனார். ஈர வேட்டியோடு மணலில் முழங்காலிட்டார்.

"குடையை விட்டுட்டேனே சாமி. நேர்ச்சை போச்சே. ஆண்டவரை வெயில்ல நிறுத்திட்டு, நான் பாட்டுக்குக் கடல்ல குதிச்சுட்டேனே!"

கதிர்ப்பாத்திரத்தை அணைத்தபடி நின்ற சாமிக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"என் கையைப் பாருங்க உபதேசியாரே, இன்னும் நடுங்குது. நீங்க குதிச்சதும் ஆண்டவரும் குதிக்கப் பார்த்தாரு. பிடிச்சு நிறுத்துறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டு."