முதலிடத்தில் வந்த பன்னிரண்டு எழுத்து

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதவர்கள் மட்டும் மேலே படியுங்கள். இந்தக் கதையை முதலில் கேட்டபோது நான் பாதியிலேயே தீர்ப்பைச் சொல்லி அசடு வழிந்தவன்.

தூத்துக்குடியில் மரியதாஸ் ஐஸ் ஆலையில் வேலை பார்த்தான். அவன் மனைவி பிரிசில்லா ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். ஒரே மகள் ஜோஷ்னா, உடம்பில் ரத்தம் ஊறாத நோய் வந்து நாலு வயதில் போய்விட்டாள். என்ன காரணம் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

குழந்தை உயிரோடு இருந்தபோது எடுத்த ரத்தம் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அதை ஆராயச் சம்மதக் கையெழுத்து வாங்க ஆய்வு மாணவி கோமதி வந்தாள். பிரிசில்லா பேனாவைப் பிடித்தபடியே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நல்லதோ கெட்டதோ, எங்கிட்டயே நேரா சொல்லணும் மேடம். பிள்ளை பிழைக்காதுன்னு டாக்டர் அவருகிட்டதான் சொன்னாரு. அவரு ஒரு வாரம் மறைச்சுட்டாரு. அந்த ஒரு வாரமும் நான் அவளுக்கு எல்கேஜி யூனிஃபார்முக்கு அளவு எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"சத்தியமா உங்ககிட்டதான் சொல்லுவேன், அக்கா" என்றாள் கோமதி. அதன் பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அன்றைக்கே கணவனும் மனைவியும் ரத்தம் கொடுத்தார்கள்.

இனி கோமதியின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமானால், அதற்கு முன்னால் உள்ள ஒரு சின்ன எழுத்துத் துண்டில் ஒரு புரதம் வந்து உட்கார வேண்டும். ரத்தம் ஊறுவதற்கான அறுபது மரபணுக்களின் முன்பகுதிகளை மென்பொருளிடம் கொடுத்தால், எல்லாவற்றிலும் பொதுவாக வரும் துண்டு எது என்று அது தேடித் தரும். குப்பையைக் கொடுத்தாலும் ஏதோ ஒன்றை முதலிடத்தில் வைத்துத் தரும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து.

டிஎன்ஏவில் ஒரே மாதிரி எங்கு பார்த்தாலும் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் உண்டு. தேடும்போது அவற்றை விட்டுவிட வேண்டும் என்பதற்காகக் கோப்பில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் குறித்திருப்பார்கள். கோமதி, பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று முழுக் கோப்பையும் பெரிய எழுத்துக்கு மாற்றிவிட்டாள். மென்பொருள் எதையும் விடாமல் தேடிப் பன்னிரண்டு எழுத்துத் துண்டு ஒன்றை முதலிடத்தில் தந்தது. ஜோஷ்னாவின் டிஎன்ஏவில், ஒரு ரத்த மரபணுவுக்கு முன்னால் இருந்த அந்தத் துண்டின் இரண்டு பிரதிகளிலும் ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்பாவிடமும் அம்மாவிடமும் இரண்டில் ஒரு பிரதியில் மட்டும் அதே மாற்றம். ஆய்வுக்கூடமே கைதட்டியது. ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்தது.

கோமதியின் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் தாணுமூர்த்தி கணவனையும் மனைவியையும் கூப்பிட்டு, அடுத்த குழந்தைக்கும் இந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றார். அப்போது பிரிசில்லாவுக்கு இரண்டாம் மாதம். இன்னொரு பிள்ளையையும் அப்படிக் கிடத்திப் பார்க்க முடியாது என்று அவளே முடிவெடுத்துக் கருவைக் கலைத்துக்கொண்டாள். மீதி மூன்று பங்கை அவள் ஏன் நினைக்கவில்லை என்று கேட்காதீர்கள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

எட்டு மாதம் கழித்து ஆய்வேட்டை முடிக்கும்போது, கோமதி முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தாள். ரத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத அறுபது மரபணுக்களை மென்பொருளிடம் கொடுத்தாள். அதே பன்னிரண்டு எழுத்து, அதே முதலிடம். எங்கு பார்த்தாலும் கிடக்கும் துண்டு அது. எந்தப் புரதமும் அதில் உட்காருவதில்லை. அழுதுகொண்டே பேராசிரியரிடம் போனாள்.

அவர் அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றார். தவறு தன்னுடையது என்று தன் பெயரில் எழுதிக் கொடுத்தார். ஆனால் தூத்துக்குடிக்குச் சொல்ல மறுத்துவிட்டார். "அடுத்த குழந்தைக்கு நோய் வராதுன்னா சொல்லப்போற? காரணம் தெரியாதுன்னுதானே சொல்லுவ? அதுக்காகப் போனதை நெனச்சு அவங்க இன்னொரு தடவை அழணுமா?"

கோமதியால் அடங்கியிருக்க முடியவில்லை. பஸ் ஏறிப் போனாள். பிரிசில்லா கடையில் இருந்தாள். வீட்டில் மரியதாஸ் மட்டும். அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மரியதாஸ் எழுந்து தெருக்கதவைச் சாத்தினான். பிறகு, "அவ இப்பதான் ஒரு வாய் சோறு ஒழுங்கா திங்குதா மேடம். நீங்க போங்க. நேரம் பாத்து நான் சொல்லிக்கிடுதேன்" என்றான். அவன் சொல்லவே இல்லை. ஐஸ் ஆலையின் குளிர் அறைக்குள் போய்த் தனியாக அழுதான்.

பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வாயை மூடிய பேராசிரியர், மனம் பொறுக்காமல் கணவனிடம் சொன்ன கோமதி, மனைவிக்காக மறைத்த மரியதாஸ். இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் விடை: யாருமில்லை. மூவருக்கும் அவள்மேல் இரக்கம் இருந்தது, ஆனால் இழந்தவள் அவள். உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் முதலில் அவளுடையது. மூவரிலும் கோமதியின் தவறே பெரியது. வாக்குக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். அது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி பஸ் ஏறி, ஜெராக்ஸ் கடைக்கே போய், பிரிசில்லாவைத் தனியே அழைத்துச் சொன்னாள். பிரிசில்லா கத்தவில்லை. "அப்ப அது நல்லா பொறந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். "தெரியலை, அக்கா" என்றாள் கோமதி. "தெரியலைங்கிறத அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் பெத்திருப்பேனே மேடம்" என்றாள் பிரிசில்லா.