பன்னிரண்டு இடமும் நிறைந்த வேன்

காராம்பட்டிக்காரர்களுக்குப் புத்தி குறைவு என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது சரியில்லை. புத்தி அவர்களிடம் நிறையவே இருக்கிறது. செலவு செய்யாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்த் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பன்னிரண்டு பேர், மதுரையைத் தாண்டியிருக்கும் பெரிய தீம் பார்க்குக்கு வேன் பிடித்துப் போய்வருவதென்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு பேரில் அதிக ஆசை சொர்ணத்தாய்க்குத்தான். அவளுடைய நாத்தனார் கிளியம்மா போன வருஷமே அங்கே போய் வந்து, இன்னும் அதைச் சொல்லி முடிக்கவில்லை.

"தண்ணிச் சறுக்குல வழுக்கி விழுந்து, தலையிலருந்து கால்வரைக்கும் நனைஞ்சாத்தான் போனதா அர்த்தம். நனையாம வந்தா சும்மா வண்டி ஏறி எறங்குனதுதான். நீ எங்க, வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துருவ சொர்ணம்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். போய்வரும் அன்று சாயங்காலம் தானே நேரில் வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தாள்.

பயணத்துக்குத் தலைவர் தவசிலிங்கம். முன்பு ஒரு தடவை கோயில் பயணத்தில் ஜன்னலோரத்துக்காக நடந்த சண்டையில் இரண்டு பேருக்குப் பல் போனது. அது அவருக்கு நினைவிருந்ததால், முதல் நாள் சாயங்காலமே வேனை ஊர் மந்தைத் திடலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

"காலையில வந்து அடிச்சுக்கக் கூடாது. இப்பவே அவங்கவங்க துண்டப் போட்டு எடம் பிடிச்சுக்கங்க."

பதினோரு பேர் துண்டு போட்டார்கள். சொர்ணத்தாயிடம் துண்டு இல்லை. பூப்போட்ட கைக்குட்டை ஒன்றை ஜன்னலோரத்தில் விரித்து, நான்கு மூலையையும் நீவிவிட்டு இறங்கினாள்.

டிரைவர் சங்கிலியும் அதே ஊர்தான். நுழைவுச்சீட்டுப் பணத்தையும் புளியோதரைத் தூக்குவாளியையும் அவரிடம் ஒப்படைத்து, தவசிலிங்கம் கண்டிப்பாகச் சொன்னார்.

"அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்துறணும். யாருக்காகவும் நிக்கக் கூடாது. எடமெல்லாம் நெறஞ்சிருக்கான்னு மட்டும் பாத்துக்க."

"சரி அண்ணாச்சி."

விடியற்காலையில் எல்லோரும் குளித்து, விபூதி பூசி வந்து சேர்ந்தார்கள். முதலில் ஏறிய இருளப்பன், ஏறிய வேகத்தில் இறங்கினார்.

"ஒரு எடமும் காலியில்ல. எல்லாத்துலயும் துண்டு கெடக்கு."

தவசிலிங்கம் எட்டிப் பார்த்தார். உண்மைதான்.

"அது நாம போட்ட துண்டுதான அண்ணாச்சி?" என்றாள் சொர்ணத்தாய்.

"யாரு போட்டா என்ன? துண்டு கெடக்குற எடத்துல உக்காருற பழக்கம் நம்ம ஊர்ல உண்டா?"

"இல்ல."

"அப்ப துண்ட எடுத்துட்டு உக்காருவோம்" என்றார் இருளப்பன்.

"எடுத்துட்டா அது பிடிக்காத எடம் ஆயிருமே. யாரு வேணா வந்து உக்காரலாம். அப்புறம் பல்லு போயிரும்" என்றார் தவசிலிங்கம்.

இருளப்பன் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "துண்டு இருந்தா உக்கார முடியாது. துண்டு இல்லன்னா எடம் நம்மளது இல்ல. இது தெரிஞ்சிருந்தா ஆளுக்கு ரெண்டு துண்டாப் போட்டிருக்கலாம்."

"நான் நின்னுக்கிட்டே வர்றேன் அண்ணாச்சி. எனக்கு நனைஞ்சாப் போதும்."

"ஜன்னலோரமா எடம் பிடிச்சிருக்க. பிடிச்சுட்டு நின்னுக்கிட்டு வந்தா, பிடிச்ச எடத்துக்கு என்னம்மா மரியாதை?"

அதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது. சங்கிலி திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு இடமும் நிறைந்திருந்தது. யாருக்காகவும் நிற்காமல் வண்டியை எடுத்தார். சக்கரத்தடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் நசுங்கியது. வெளியே நின்ற பன்னிரண்டு பேரும் ஒதுங்கி வழிவிட்டு, கையசைத்து அனுப்பிவைத்தார்கள்.

வேன் கண்ணுக்கு மறைந்த பிறகு சொர்ணத்தாய் கேட்டாள். "நாம போகலையா?"

இது சாதாரணக் கேள்வி இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள்.

"பஸ்ல துண்டு கெடந்தா என்ன சொல்றோம்? ஆள் இருக்குன்னு சொல்றோம்ல?" என்றார் தவசிலிங்கம்.

"ஆமா."

"வேன்ல கைக்குட்டையோட சேத்துப் பன்னெண்டு இருக்கு. அப்ப பன்னெண்டு ஆள் இருக்கு. நாம போயிட்டோம்."

"அப்ப இங்க உக்காந்திருக்கறது யாரு?" என்றாள் சொர்ணத்தாய்.

"அத வந்ததுக்கப்புறம் கேளு. ஊர்ல இல்லாதப்பக் கேட்டா எப்படிப் பதில் சொல்றது?"

கொஞ்ச நேரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி அந்த வழியாக வந்தார். "இங்கதான் இருக்கீங்களா? வேலைக்கு வாங்களேன், சரக்கு தேங்கிக் கெடக்கு."

"நாங்க ஊர்ல இல்லீங்க" என்றார் இருளப்பன், பணிவாக.

மேஸ்திரிக்கும் ஊர் காராம்பட்டிதான். "சரி, வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் பசித்தது. வீடுகள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. ஆனால் தீம் பார்க்குக்குப் போனவர்கள் வீட்டில் எப்படிச் சாப்பிட முடியும்? "இந்நேரம் புளியோதரை சாப்பிட்டிருப்போம்" என்று தவசிலிங்கம் சொன்னதும் ஆளுக்கொரு ஏப்பம் விட்டார்கள். ராட்டினத்தில் ஏறியிருக்கும் நேரம் என்று இருளப்பன் குத்துமதிப்பாகச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு அலறினார்கள். இரண்டு பேருக்குத் தலை சுற்றியது. சொர்ணத்தாய் மட்டும் அலறவில்லை. அடிக்கடி தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காய்ந்தே இருந்தது.

சாயங்காலம் சொன்னபடி கிளியம்மா வந்து நின்றாள். பின்னாலேயே வேனும் வந்தது. சங்கிலி ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தார். பதினொன்றும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"எல்லாரையும் எல்லாத்துலயும் ஏத்தி எறக்கிட்டேன். இருளப்பண்ணாச்சிதான் சறுக்குல பாதியில மாட்டிக்கிட்டாரு. இழுத்து விட்டேன்."

இருளப்பன் தன் துண்டை விரித்துப் பார்த்தார். ஓரம் கிழிந்திருந்தது. "அதான பாத்தேன். மத்தியானத்துலருந்து இடுப்பு ஒரு மாதிரி இருந்துச்சு."

"என்னுது?" என்றாள் சொர்ணத்தாய்.

சங்கிலி தலையைக் குனிந்துகொண்டு, சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். சொட்டு ஈரம் இல்லை.

"நாலடிக்குக் கொறஞ்சவங்களச் சறுக்குல ஏத்தக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்கக்கா. அளந்து பாத்தேன். ஒரு அடிகூடத் தேறல."

கிளியம்மா அதை வாங்கி, முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல சொர்ணம். வாசல்ல நின்னுட்டு வந்திருக்க."

"விடும்மா, அடுத்த வருஷம் வளந்துரும்" என்று தவசிலிங்கம் ஆறுதல் சொன்னார்.

சொர்ணத்தாய் கைக்குட்டையைத் திரும்ப வாங்கி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வருஷத்து ஏச்சையும் சேர்த்து அழுதாள். அவள் முகத்திலிருந்து கையை எடுத்தபோது இருளப்பன்தான் முதலில் கவனித்தார்.

"அண்ணாச்சி, கைக்குட்ட நனைஞ்சிருக்கு."

எல்லோரும் சுற்றிக் கூடினார்கள். கிளியம்மா அதைப் பிடுங்கிப் பிழிந்தாள். சொட்டு விழுந்தது. அப்போதும் நம்பாமல் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புக் கரிக்குதே."

"அலையடிக்கிற குளம் ஒண்ணு இருக்குல்ல, அதுல எறங்கியிருக்கும். அதுக்கெல்லாம் ஒசரம் பாக்க மாட்டாங்க" என்றார் தவசிலிங்கம்.

கிளியம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "நான் போனப்ப அதுல வெறும் நல்லதண்ணிதான விட்டிருந்தாங்க."

சொர்ணத்தாய் மூக்கை உறிஞ்சினாள். "இந்த வருஷத்துலருந்து கடல் தண்ணி போல மதினி."

கிளியம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வேனைப் பேசி, தன் கல்யாணப் பட்டுச்சேலையை ஜன்னலோரத்தில் உட்காரவைத்து அனுப்பினாள். தண்ணீர் மறுபடியும் மாறியிருந்தால் என்ன செய்வது என்று, முந்தானையில் ஒரு படி கல்லுப்பும் முடிந்துவிட்டிருந்தாள்.