மாசிலாமணி கண்டெடுத்த இறகு

ஓடைக்கரையில் குடிசை போட்டிருந்ததால் அவருக்கு ஓடைச்சாமி என்று பேர். மாசிலாமணி அவரிடம் சீடனாக வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கைக்குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிறது, வீட்டில் நிம்மதியே இல்லை என்று கிளம்பி வந்தவன்.

"நான் சாமியாராப் போறேன்" என்று அவன் சொன்னபோது அவன் பெண்டாட்டி செவந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போறதுதான் போறீங்க, அந்த வாளித் துணியைக் காயப் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

போட்டுவிட்டுத்தான் வந்தான்.

வந்த நாளிலிருந்து காவி கேட்டுக்கொண்டே இருந்தான். சாமியும் "பாப்போம், பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலையில் வாசல் கூட்டப் போனவன், விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓர் இறகோடு ஓடி வந்தான்.

"சாமி, உத்தரவு கிடைச்சிருச்சு! கருடன் இறகு கிடைச்சா காவி, காக்கா இறகு கிடைச்சா வீடுன்னு மனசுல நினைச்சிருந்தேன். இது கருடனேதான்."

"எப்படிச் சொல்றே?"

"நிறத்தைப் பாருங்க, செம்மண் மாதிரி. நுனியெல்லாம் தேய்ஞ்சிருக்கு பாருங்க. மேகத்துல உரசி உரசித் தேய்ஞ்சிருக்கு."

"ஓகோ."

"முனையில மஞ்சளா ஒட்டியிருக்கே, அது என்னங்கிறீங்க? கருடன் பெருமாளோட வாகனமில்லையா? சந்தனம் சாமி, சந்தனம்!"

மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"வாசனைதான் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு."

இருந்தாலும் இரண்டு கண்ணிலும் பயபக்தியாக ஒற்றிக்கொண்டான்.

சாமி கையை நீட்டினார். அவன் குனிந்து கொடுத்தான். சாமி அதை வாங்கிக் காதுக்குள் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத் திருகினார்.

"அப்பாடா. நேத்திலிருந்து இதைத்தான் தேடுறேன்."

மாசிலாமணி வேட்டி முனையால் கண்ணைத் துடைத்தான். முகத்தைத் துடைத்தான். மூக்கையும் துடைத்தான்.

"அப்ப இது கருடன் இல்லையா சாமி?"

"கோழி. செவலைக் கோழி."



"கோழி வந்தா என்னன்னு நான் ஒண்ணும் நினைச்சு வைக்கலையே சாமி. இப்ப நான் காவி கட்டுறதா, வீட்டுக்குப் போறதா?"

சாமி அடுத்த காதுக்கு மாறினார். பாதிக் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார்.

"உன் தோள்துண்டுல என்ன, வெள்ளையாக் காய்ஞ்சு கிடக்கு?"

"பாப்பா பால் கக்கினது சாமி. கிளம்புறப்ப ஒரு தரம் தூக்கினேன்."

"தினமும் ஓடையில உன் வேட்டியை அலசுறே. கேக்காமலே என் வேட்டியையும் அலசிப் போடுறே."

"ஆமா சாமி."

"இந்தத் துண்டை மட்டும் ஏன் தண்ணியில நனைக்கவே இல்லை?"

மாசிலாமணி துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தான். பிரித்தான். மறுபடியும் மடித்தான். மெல்ல மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.