எட்டாயிரம் அடியில் தொட்ட கல்

"பூமிக்குப் பொறுமை இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சாமி சொன்னது?"

மடைப்பள்ளி வாசலில் நின்றுகொண்டு முனிரத்தினம் இப்படித்தான் ஆரம்பித்தார். கும்பிடவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சாமி அடுப்புக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் மடத்தில் நூறு பேருக்குச் சாப்பாடு. மற்றதையெல்லாம் சமையல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், பால் பாயசத்தை மட்டும் சாமியே கிண்டுவார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். முனிரத்தினத்துக்கு அறுபத்தொன்று.

"உலகமே சொல்றதுதானே பெரியவரே."

"உலகம் சொல்லட்டும். என் பொண்ணுக்கு நீங்க சொன்னீங்க."

"எந்தப் பொண்ணு?"

"குணவதி. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி நான்தான் கூட்டியாந்தேன். புருசன் அடிக்கறான், சூடு வெக்கறான்னு உங்க காலடியில உக்காந்து அழுதா. நீங்க திருநீறு குடுத்தீங்க. பூமாதேவி மாதிரி பொறுத்துக்கோம்மான்னு சொன்னீங்க."

சாமிக்கு ஞாபகம் வரவில்லை. முகத்திலேயே தெரிந்தது. எப்படி வரும்? அழுதுகொண்டு அந்தப் படியேறிய பெண்கள் ஒருத்தியா, இரண்டு பேரா? எல்லாருக்கும் அதே திருநீறு, அதே வார்த்தை. சொல்கிறவருக்கு ஒரு செலவும் இல்லாத தானம் அது.

"இப்ப எப்படி இருக்காங்க?"

"பொறுத்தா சாமி. ஏழு மாசம் பொறுத்தா. எட்டாவது மாசம் அவங்க வீட்டுக் கிணத்துலருந்து எடுத்தோம்."

பாயசம் கிண்டிய சாமியின் துடுப்பு நின்றது.

அது நிற்கவேண்டும் என்றுதான் முனிரத்தினம் பஸ் ஏறி வந்திருந்தார். நாலு வருஷமாக நெஞ்சில் ஒரு பாரம். அதை எங்கேயாவது இறக்கி வைக்கவேண்டும். இறக்கி வைக்க இந்தக் காவித் துணிக்காரரின் தலையை விட்டால் வேறு இடம் இல்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். இறக்கிவிட்டால் அப்புறம் மனுஷனாகச் சோறு தின்னலாம்.

"நான் என்ன செய்யணும்?" என்றார் சாமி.

"பந்தியில நூறு பேர் உக்காரப் போறாங்கல்ல? அவங்க முன்னாடி வந்து நில்லுங்க. பூமி ஒண்ணும் பொறுமையானது இல்ல, தெரியாம ஒளறிட்டேன், என் வாக்கால ஒரு பொண்ணு செத்துட்டான்னு உங்க வாயால சொல்லுங்க."

"சொல்றேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று முனிரத்தினம் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ஆனா எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்றது? பூமி பொறுமையானது இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முனிரத்தினம் சிரித்தார். அதில் சிரிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"தங்கச் சுரங்கத்துல இருபத்தாறு வருசம் சாமி. பூமிக்குள்ள போயிட்டு வந்தவன் நான். நீங்க அது மேல விரிப்பு போட்டு உக்காந்தவர்."

சாமி எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த பலகையை எடுத்து முனிரத்தினத்தின் பக்கம் தள்ளினார். தான் வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லிக் குடுங்க."

முனிரத்தினம் பலகையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"கூண்டுல ஏறி இறங்குவோம். கீழ போகப் போக குளுகுளுன்னு இருக்கும்னு புதுசா வர்றவன் நெனப்பான். எட்டாயிரம் அடியில பாறையில கை வெச்சா வெக்க முடியாது. தோசைக்கல்லு மாதிரி. மேலருந்து குளிர்ந்த காத்து அனுப்பலன்னா அங்கயே அவிஞ்சு போயிருப்போம்."

"மண்ணுக்குள் அவ்வளவு சூடா?"

"சூடு மட்டுமா? பாறை தானா வெடிக்கும். எவனும் மருந்து வெக்க வேண்டாம். இத்தனை கனத்தையும் தாங்கிக்கிட்டு கம்முனு நிக்கும் பாருங்க, ஒருநாள் படீர்னு தெறிக்கும். பாக்கியநாதன்னு ஒருத்தன், என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன். அவன் உடம்பை முழுசாக்கூட எடுக்க முடியல. மேல ஊருல பாத்திரம் ரெண்டு உருண்டிருக்கும். அவ்வளவுதான் அவங்களுக்குத் தெரியும்."

சாமி அடுப்பிலிருந்து ஒரு விறகை மட்டும் வெளியே இழுத்தார். தீ தணிந்தது.

"கல்லைப் பத்திப் படிச்ச ஆபீசர் ஒருத்தர் இருந்தார். அவர் சொல்வார், நீங்க தொட்டதெல்லாம் தோலுடா முனிரத்தினம், இதுக்குக் கீழ ஆயிரத்தி எண்ணூறு மைலுக்குச் சூட்டுக் கல்லு கெடக்குதுன்னு."

"அந்தச் சூடு வெளியே வர வேண்டாமா?"

"வரணும். ஆனா கல்லு வழியா சூடு லேசுல கடக்காது சாமி. வெளிய கொளுத்தற வெயிலு உங்க மண்டபத்துச் சுவரைத் தாண்டி உள்ள வர சாயங்காலம் ஆகுதுல்ல? முழச் சுவருக்கே அந்தப் பாடு. மைல் கணக்குன்னா எந்தக் காலத்துல வந்து சேர்றது? அதனால கல்லே சூட்டைச் சுமந்துக்கிட்டு மேல வருது."

"கல் எப்படி வரும்? உருகியா?"

"உருகாமலே. கல்லா இருந்துக்கிட்டே. நகம் வளருதுல்ல, அந்த வேகம். பாக்கறவனுக்குச் சும்மா கெடக்கற மாதிரிதான் இருக்கும். அதுக்குத்தான் நீங்க பொறுமைன்னு பேரு வெச்சுட்டீங்க."

சாமி தலை குனிந்தார்.

முனிரத்தினத்துக்குச் சூடு பிடித்துவிட்டது. நாலு வருஷத்தில் ஒருவரும் அவரை இத்தனை நேரம் பேச விட்டதில்லை. பாயசம் கொதிக்கும் உருளியை விரலால் காட்டினார்.

"இதோ, இதுலயே பாருங்க. நடுவுல தீ. நடுவுல இருக்கற அரிசி மேல வருதா? வந்து ஓரத்துக்கு நகருதா? அதேதான் உள்ளயும் நடக்குது."

பாலின் மேல் மெல்லிய ஏடு கட்ட ஆரம்பித்திருந்தது. ஓரத்தில் இடித்துக்கொண்டு சுருங்கியது. நடுவில் இழுபட்டுக் கிழிந்தது.

"சுருங்கினா மலை, கிழிஞ்சா பள்ளம்னு வெச்சுக்குங்க. அந்த ஏட்டு மேலதான் சாமி உங்க மடம் நிக்குது."

"நான் படித்த ஏடு எதிலும் இது இல்லை."

"எப்படி இருக்கும்? எழுதினவன் எவனும் கீழ இறங்கலியே."

வெளியே இலை போடும் சத்தம் கேட்டது. சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க பெரியவரே. எல்லாரும் உட்கார்ந்தாச்சு. தெரியாததைச் சொன்னேன், ஒரு பெண்ணைக் கொன்னேன். நீங்க கேட்ட மாதிரியே சொல்லிடறேன்."

அதைக் கேட்டதும் மனசு குளிர்ந்திருக்கவேண்டும். முனிரத்தினம் அதற்காகக் காத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வாசல் வரை போன சாமி திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் விளங்கல. அவ்வளவு கஷ்டப்பட்டு மேலே வருதே அந்தக் கல், வெளியே வந்து தப்பிச்சிடுமா?"

"எங்க தப்பிக்கறது? ஏதோ அங்கங்க கொஞ்சம் பொத்துக்கிட்டு வரும். மத்ததெல்லாம் தோலு வரைக்குந்தான். மேல குளிர்ச்சியா இருக்குமா, அங்க வந்ததும் ஆறிடும்."

"ஆறினது நல்லதுதானே?"

"என்ன நல்லது? ஆறினா கனத்துப் போயிடும் சாமி. கனத்தா கீழதான் இறங்கணும்."

"அதே சூட்டுக்கா?"

"அதே சூட்டுக்குத்தான்..."

முனிரத்தினத்தின் கண் அடுப்புத் தீக்குப் போனது.

சாமி பதில் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பந்திக்குப் போனார். கூடத்தில் பேச்சு அடங்கியது. நூறு பேருக்கு முன்னால் அவருடைய குரல் நடுக்கமில்லாமல் ஒலித்தது. முனிரத்தினம் கேட்ட அதே வார்த்தைகள், ஒன்றுகூடக் குறையாமல். "என் வாக்கால் ஒரு பெண் செத்துப்போனாள்." யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள்.

நாலு வருஷமாகக் கேட்க ஏங்கிய சொல் காதில் விழுந்தது. பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

சாமி திரும்பி வந்தபோது பாயசம் அடிப்பிடித்த வாசனை வந்துகொண்டிருந்தது. பலகை காலியாகக் கிடந்தது. முனிரத்தினம் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிட்டேன் பெரியவரே."

"கேட்டுது."

"இன்னும் என்ன குறை?"

"குணவதி மூணு வாட்டி வந்தா சாமி," என்றார் முனிரத்தினம். "முதுகுல தழும்போட மூணு வாட்டி என் வீட்டுக்கு ஓடி வந்தா. எண்ணெய் வெச்சுக் குளிப்பாட்டி, கறி ஆக்கிப் போட்டு, நல்லதா நாலு வார்த்தை சொன்னோம். உங்ககிட்ட கூட்டியாந்தது கடைசி வாட்டி."

"அப்புறம்?"

"மூணு வாட்டியும் நான்தான் சாமி ஆத்தி, புருசன்கிட்டயே அனுப்பினேன்."