ஆற்றுக்குப் போகவிருந்த சுவடிகள்

கொற்றமங்கலத்து அரசர் விசயமாறனுக்குப் புதுமை என்றால் உயிர். அந்த ஆண்டு நாற்பது ஊர்ச் சுவடிக் காப்பாளர்களைத் தம் சபைக்கு வரவழைத்து, "இப்போது உங்கள் தொழிலில் என்ன புதிது?" என்று கேட்டார்.

ஒருவர், சுவடிகளின் பட்டியலை வாசலிலேயே தொங்கவிட வேண்டும் என்றார். இன்னொருவர், படிக்க வருகிறவர்களை வாய்விட்டுப் பேச விட வேண்டும் என்றார். அதுவரை அரண்மனைச் சுவடிச்சாலைக் காப்பாளர் அம்பலத்தாடியும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு அமைச்சர் பராங்குசர் எழுந்தார். சுவடிச்சாலை மண்டபத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். நல்ல காற்றோட்டம், சுவடிகள் போய்விட்டால் தாம் குடியேற வசதியாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

"அரசே, படிக்காத சுவடியைக் காப்பது பழைய வழக்கம். ஓராண்டாகக் கட்டு அவிழாத சுவடிகளை ஆடிப் பதினெட்டன்று ஆற்றில் விட்டுவிடுவதே புதிய போக்கு."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். ஆடிப் பதினெட்டுக்கு மூன்றே நாள் இருந்தது.

அம்பலத்தாடி மனத்துக்குள் கணக்குப் போட்டார். கட்டு அவிழாதவை நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றுள் மாட்டு வைத்தியச் சுவடியும் ஒன்று. நல்லவேளையாக ஊரில் கோமாரி வரவில்லை. அதனால் அதை யாரும் தேடவில்லை. அதுவா குற்றம்?

வாதாடினால் அரசர் கேட்கமாட்டார். அம்பலத்தாடி வணங்கினார்.

"உத்தரவு, அரசே. முதல் கட்டை இப்போதே கொண்டுவருகிறேன்."

உள்ளே போனவர் சிவப்புப் பட்டில் சுற்றிய சுவடியோடு திரும்பினார். அரசரின் முகம் மாறியது. அது அவரே பாடிய 'புலி வேட்டைப் பாட்டு'. சென்ற ஆண்டு சுவடிச்சாலைக்குக் கொடுத்திருந்தார்.

"இதையா யாரும் படிக்கவில்லை?"

"யார் சொன்னது? நான் சுவடிச்சாலைக்கே போய் நான்கு முறை படித்தேன்" என்றார் பராங்குசர். "அதிலும் புலி பாயும் இடம் இருக்கிறதே, அடடா."

"அப்படியானால் தவறு என்னுடையதுதான், அமைச்சரே" என்றார் அம்பலத்தாடி. "அந்த இடத்தைக் கொஞ்சம் படித்துக் காட்டுங்கள். சபையும் கேட்கட்டும்."

பராங்குசர் கட்டை அவிழ்த்தார். ஓர் ஏட்டைப் புரட்டினார். அடுத்ததையும் புரட்டினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"என்ன அமைச்சரே, புலி இன்னும் பாயவில்லையா?" என்றார் அரசர்.

பராங்குசர் ஏட்டைக் கீழே இறக்கினார். "அரசே, இதில் எழுத்தையே காணோம்."

"எழுத்து இருக்கிறது" என்றார் அம்பலத்தாடி. "எழுத்தாணியால் கீறியாயிற்று. கீறலின் மேல் கரிமை தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். இந்தச் சுவடிக்கு இன்னும் மை தடவவில்லை."

"ஓராண்டாகவா? ஏனய்யா தடவவில்லை?"

"மைக்கு உத்தரவு கேட்டு அமைச்சரிடம் போனேன், அரசே. 'மை எதற்கு? நான்தான் நான்கு முறை படித்துவிட்டேனே, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது' என்றார்."

சபையில் யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள். அரசர் பராங்குசரைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"புதிய போக்குப்படி பார்த்தால் என் பாட்டுத்தான் முதலில் மிதக்கும்போல் இருக்கிறது. வேண்டாம். ஒரு சுவடியும் ஆற்றுக்குப் போகாது. அம்பலத்தாடி, உமக்கு என்ன வேண்டும்?"

"ஒரு குடம் மை, அரசே. நானூற்றுப் பன்னிரண்டில் பலவற்றுக்கு எழுத்து மங்கியிருக்கிறது."

"தந்தேன். முதலில் என் பாட்டுக்குத் தடவும்."

அம்பலத்தாடி தயங்கினார்.

"இன்றே தடவிவிடலாம், அரசே. ஆனால் மை தடவினால் எல்லாரும் உண்மையாகவே படித்துவிடுவார்கள். பரவாயில்லையா?"