மூடி போட்ட சுண்டல்

“நாலு நாளாச்சு டீச்சர். ஒருத்திகூட எட்டிப் பாக்கல. என் சுண்டல்ல என்ன குறை?”

கேட்டவள் இசக்கி. பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, சமையல் தொழிற்பிரிவு.

இடைவேளையில் கடை போட அந்தப் பிரிவுக்கு ஒரு வாரம்தான் அனுமதி. “ஒரு நாளாவது சட்டி காலியானா கடை உங்களுக்கு. இல்லன்னா பிஸ்கட்காரருக்கு” என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை, கடைசி நாள்.

சமையல் ஆசிரியை ஜெபக்கனி ஒரு கரண்டி சுண்டலை வாயில் போட்டார். அவர் அதிகம் பேசமாட்டார்.

“குறை ஒண்ணும் இல்ல.”

“பிறகு ஏன்?”

“கடையில எப்படி நிப்பே? நின்னு காட்டு.”

இசக்கி நின்று காட்டினாள். சட்டிக்கு மூடி. முன்னால் பெயர் எழுதிய அட்டை. தலையில் வெள்ளைத் தொப்பி. கைகள் பின்னால், வாய்க்குப் பூட்டு.

செய்முறைத் தேர்வில் தேர்வாளர் வரும்வரை நிற்பார்களே, அதே நிலை. பாவம், இரண்டு வருடம் அப்படியே நின்று பழகிய பிள்ளை.

ஜெபக்கனிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“எங்க வச்சுத் தாளிச்ச?”

“லேப்ல, கதவைச் சாத்திட்டு. காத்துல அடுப்பு அணைஞ்சிரும்லா.”

“வாசம் யாருக்கு வந்துச்சு?”

“எனக்குத்தான்.”

ஜெபக்கனி சின்ன அடுப்பைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். சுண்டல் சட்டியையும் தாளிப்புச் சாமான்களையும் தாம் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

“ரெண்டு தடவையா தாளிப்பாங்க டீச்சர்? புத்தகத்துல அப்படி இல்லியே!”

“இல்லதான்.”

இடைவேளை மணி அடித்தது. தண்ணீர்க் குழாய்க்கு எதிரே, கடை மேசையில் கடுகு வெடித்தது. பெருங்காயம், மிளகாய், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக விழுந்தன. இசக்கியே சட்டியின் மூடியைத் திறந்தாள்.

குழாயடியில் நின்ற பிள்ளைகள் ஈரக் கையோடு திரும்பினார்கள்.

“அக்கா, எனக்கு!”

“எனக்குக்கா!”

தொப்பி எங்கே விழுந்ததென்று இசக்கிக்குத் தெரியாது.

“தள்ளாதீங்கட்டி! எல்லாருக்கும் இருக்கு!” என்று கத்தினாள். அவளுக்கு அப்படியொரு குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

கடைசியாகத் தலைமையாசிரியை மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“வாசம் என் ரூம் வரைக்கும் வந்துச்சு. எனக்கு எங்க?”

இசக்கி சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு கறிவேப்பிலை மட்டும் விழுந்தது.

“திங்கக்கிழமை வாங்க மேடம்” என்றாள். “மணி அடிச்ச உடனே வந்து வரிசையில நின்னுக்கோங்க.”