தும்மலுக்கு எழுதிய ஓலை

ஒரு காலத்தில் கூவிள நாட்டை நெடுங்கோ என்றொரு ராஜா ஆண்டு வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலையில் எழும்போது என்ன குணமோ, அதுதான் அன்றைக்குச் சட்டம். ஒருநாள் ஊர்வலத்தில் பட்டத்து யானை தும்மியது. ராஜாவின் புதுப் பட்டு நனைந்துவிட்டது.

"நாளை உச்சிவேளையில் பாகனை அந்த யானையின் காலிலேயே போடுங்கள்!" என்றார் ராஜா.

ஓலை எழுதியவர் பிரதானி விடங்கராயர். ராஜா தன்னைவிட யானையை அதிகம் புகழ்கிறார் என்று ஒரு யானைமேல் பொறாமைப்பட்ட மனிதர். யானையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் மிஞ்சக்கூடாது என்று, பாகனோடு அவன் மகளையும் சேர்த்து எழுதி நீட்டினார். பலாச்சுளை தின்றுகொண்டிருந்த ராஜா படிக்காமலே முத்திரை வைத்தார்.

மறுநாள் விடிந்தபோது, பாகன் பூதனின் பதினைந்து வயது மகள் மருதி, ராஜாவின் கட்டிலில் கண்விழித்தாள். தடவிப் பார்த்தால் முகத்தில் மீசை. வயிறு வேறு முன்னால் போய் நின்றது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், நடந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, 'ராஜா நான்தான் என்றால் அப்பாவைக் காப்பாற்ற வேண்டியதும் நான்தான்' என்று எழுந்து, படுத்த மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு அவைக்குப் போனாள்.

அங்கே பூதனும், பக்கத்தில் அவளுடைய சொந்த உடம்பும் கைகள் கட்டப்பட்டு நின்றிருந்தார்கள். அந்த உடம்பு, "அடேய், நான்தான் உங்கள் ராஜா! அவிழ்த்துவிடுங்கள்!" என்று கத்தியது. பயத்தில் பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று காவலர்கள் உச்சுக்கொட்டினார்கள். உள்ளே இருப்பது யார் என்று மருதிக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு பேரையும் விட்டுடுங்க" என்றாள்.

மெத்தை சுருட்டும் ராஜாவை விடங்கராயர் அதுவரை கண்டதில்லை. காலையிலிருந்தே அவருக்குச் சந்தேகம். "மகாராஜா, நம் வழக்கம் மறந்துவிட்டதா? ஓலையில் உள்ளதை ராஜா தன் வாயால் ஒரு சொல் விடாமல் அவையில் சொல்லி, தன் கையால் முறித்தால்தான் தண்டனை நீங்கும். இதோ ஓலை."

மருதி வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. யானையையும் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது.

கட்டப்பட்டு நின்ற தன் உடம்பை ஒருமுறை பார்த்தாள். "சாகப் போறவளுக்கு ஓலையில என்ன இருக்குன்னு தெரிய வேண்டாமா? அவளே படிக்கட்டும். அவ சொல்லச் சொல்ல நானும் சொல்றேன்."

விடங்கராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பாகன் மகளா? ஓலையா? அவள் படித்துவிட்டால் நான் யானைக் கொட்டில் கூட்டுகிறேன், மகாராஜா!"

"அப்படியே ஆகட்டும்."

ஓலை கைமாறியது. 'பெண்' கடகடவென்று படிக்க, விடங்கராயரின் சிரிப்பு நின்றது. 'பாகன் பூதனையும்' வரை ஓடிய குரல், 'அவன் மகள் மருதியையும்' என்ற இடத்தில் தடுக்கியது.

"இதை நான் சொல்லவே இல்லையே!"

"முத்திரை யாரோடது?" என்றாள் மருதி.

அந்த உடம்பு தலையைக் குனிந்தபடி மிச்சத்தையும் படித்தது. மருதி ஒரு சொல் தவறாமல் திருப்பிச் சொல்லி ஓலையை முறித்தாள்.

கட்டவிழ்ந்த பூதன் ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்து அழுதான். மருதிக்குத் தாங்கவில்லை. ராஜா கட்டிக்கொண்டால் அப்பா பயத்திலேயே செத்துப்போவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த விடியலில் அவரவர் அவரவர் உடம்பில் எழுந்தார்கள். ராஜா முதலில் மீசையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு விடங்கராயர் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். அதன்பின் பாகனையும் மகளையும் அழைத்தார்.

"நேற்று முழுக்க நாடே உன் கையில் இருந்தது. உனக்கென்று நீ ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கேள், என்ன வேண்டும்?"

"நேத்து அப்பா என் கால்ல விழுந்துட்டாரு, மகாராஜா. அதைத் திருப்பிக் கொடுக்கணும்."

சொல்லிவிட்டு மருதி பூதனின் காலில் விழுந்தாள். ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்தார். ராஜா எழுந்ததால் அவையும் எழுந்தது. தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். அன்றிலிருந்து படிக்காமல் அவர் எந்த ஓலையிலும் முத்திரை வைத்ததில்லை.

விடங்கராயர் கொட்டில் கூட்டும்போதெல்லாம் யானை தும்மியது. பூதனுக்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் விளங்கவில்லை. "அன்னைக்கு எதுக்கும்மா என் கால்ல விழுந்தே?" என்று மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.